பௌர்ணமிக்குப் பேர் வைத்தது யார்? பங்கு கேட்பது யார்?

மாசி மகம் முடிந்த மறுநாள் சாயங்காலம் நல்லவாட்டுத் தோழர்கள் சிலர் கடற்கரையில் ஒரு கூட்டத்துக்கு ஏற்பாடு செய்து நம்மை அழைத்திருந்தார்கள். புதுவையிலிருந்து தெற்கே வந்தால் கடலை ஒட்டியிருக்கும் மீனவர் ஊர் அது. மேடை என்று தனியாக ஒன்றுமில்லை. கரையேற்றிய படகு ஒன்றின் பக்கத்தில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, அவ்வளவுதான். நாம் பஞ்சாங்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. மணலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து, "அய்யா, சாமியப் பத்தி நீங்க பேசறது எங்களுக்குப் புதுசு இல்ல, கேட்டுக்கினுதான் இருக்கோம். நெலாவுக்கு மாசி மகம்னு பேரு வச்சது யாரு? ரிஷிங்கதானே? அந்தப் பேரும் பொய்யின்றீங்களா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆனால் கேள்வி சிரித்துத் தள்ளிவிடக்கூடியதல்ல. அன்று நேரமாகிவிட்டபடியால் அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறோம்.

தோழர்களே! பேர் பொய் என்று நாம் ஒருநாளும் சொல்லமாட்டோம். பேர் மெய். அது கணக்கு. அந்தக் கணக்கின் மேல் உட்கார்ந்துகொண்டு தட்டு நீட்டுகிறார்களே, அந்த வியாபாரத்தைத்தான் பொய் என்கிறோம்.

கணக்கு என்னவென்றால், சூரியன் எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று யாராலும் கண்ணால் பார்க்க முடியாது. சூரியன் இருக்கும்போது நட்சத்திரம் தெரியாது. ஆனால் பௌர்ணமியன்று சந்திரன் சூரியனுக்கு நேர் எதிரே நிற்கிறது. ஆகவே முழுநிலா எந்த நட்சத்திரத்தோடு நிற்கிறது என்று பார்த்தால், சூரியன் வானத்தின் மறுபக்கத்தில் எங்கே இருக்கிறது, வருஷத்தில் எத்தனையாவது மாதம் நடக்கிறது என்று தெரிந்துபோகும். கடிகாரமும் காலண்டரும் இல்லாத காலத்தில், ஆடு மாடு மேய்த்தவனும் உழுதவனும் கடலில் போனவனும் இரவெல்லாம் அண்ணாந்து பார்த்துக் கண்டுபிடித்த தந்திரம் இது. சித்திரை நட்சத்திரத்தில் முழுநிலா நிற்கும் மாதம் சித்திரை. விசாகத்தில் நிற்பது வைகாசி. கார்த்திகை என்னும் ஆறு மீன் கூட்டத்தில் நிற்பது கார்த்திகை. மகத்தில் நிற்பது மாசி. வடமொழியில் மாக என்பது தமிழ் நாக்கில் மாசி ஆயிற்று, பால்குன என்பது பங்குனி ஆயிற்று, ஆஷாட என்பது ஆடி ஆயிற்று. இதில் ரிஷிக்கு என்ன வேலை? கண் இருந்தால் போதாதா?

சந்திரன் வானத்தை ஒரு சுற்றுச் சுற்ற 27 நாளும் சில மணி நேரமும் ஆகிறது. அதனால்தான் வானத்தை 27 பங்கு போட்டு 27 நட்சத்திரம் என்றார்கள். மாதமோ பன்னிரண்டு. இருபத்தேழைப் பன்னிரண்டால் வகுத்தால் இரண்டேகால். ஆகவே ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் இடையே நிலா இரண்டு, அல்லது மூன்று நட்சத்திரம் தள்ளிப்போகும். நமது திருவிழாக்களைப் பாருங்கள். சித்திரை, விசாகம், அவிட்டம், கார்த்திகை, திருவாதிரை, பூசம், மகம், உத்திரம்! எல்லாம் இரண்டு மூன்று தள்ளித் தள்ளித்தான் வருகின்றன. பூசத்துக்குத் திருவிழா உண்டு. அடுத்த ஆயில்யத்துக்குக் கிடையாது. மகத்துக்கு உண்டு, அடுத்த பூரத்துக்கு முழுநிலாத் திருவிழா கிடையாது. ஆயில்யம் செய்த பாவம் என்ன? பூசம் செய்த புண்ணியம் என்ன? ஒன்றுமில்லை. வகுத்தல் கணக்கு விழுந்த இடம் அது. கடவுள்தான் நாள் குறித்தார் என்றால், கடவுளுக்கு இரண்டேகால் வாய்ப்பாடு மாத்திரம்தான் தெரியும் போலிருக்கிறது.

இன்னும் ஒரு வேடிக்கை. நமது தமிழ் மாதம் சூரியக் கணக்கில் போவதால், அந்த மாதத்துப் பௌர்ணமி சொன்ன நட்சத்திரத்திலேயே வந்து நிற்பதில்லை. சித்திரைப் பௌர்ணமி ஒரு வருஷம் சித்திரையில் வரும், ஒரு வருஷம் சோதியில் வரும், ஒரு வருஷம் விசாகத்துக்கே போய்விடும். இது போதாதென்று பஞ்சாங்கமும் இரண்டு. வாக்கியம் என்று ஒன்று, திருக்கணிதம் என்று ஒன்று. இரண்டுக்கும் சில மணி நேரம் வித்தியாசம் வரும். அந்த வித்தியாசத்தால் ஒரு கோவிலில் இன்று விழா, இன்னொரு கோவிலில் நாளை விழா. சாமி பிறந்த நாளே சாமிக்கு நிச்சயமாகத் தெரியவில்லை என்றால், நாம் என்ன செய்வது!

நிற்க. கணக்காகக் கிடந்த பேர் கதையான விதத்தைப் பார்ப்போம். சித்திரை என்று ஒரு நட்சத்திரம். சித்திரகுப்தன் என்று எமனுடைய கணக்குப்பிள்ளை ஒருவன். இரண்டு பேரும் ஓசையில் ஒட்டுகின்றன. அவ்வளவுதான் ஆதாரம்! சித்திரைப் பௌர்ணமி சித்திரகுப்தனுடைய நாளாகிவிட்டது. அவனுக்குக் காஞ்சிபுரத்தில் ஒரு கோவிலே இருக்கிறது. பெண்கள் விரதம் இருக்க வேண்டும், அவன் கதையைப் படிக்கக் கேட்க வேண்டும், தானம் கொடுக்க வேண்டும், அப்போதுதான் பாவக் கணக்கைக் கொஞ்சம் குறைத்து எழுதுவானாம். லஞ்சம் வாங்கிக்கொண்டு கணக்கைத் திருத்துகிற குமாஸ்தாவைக் கையோடு பிடித்தால் நாம் என்ன செய்வோம்? மேலுலகத்தில் அதற்குப் பேர் பக்தி.

விசாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு வைகாசி விசாகம் முருகன் பிறந்த நாள். கடலைத் தாண்டி இலங்கைக்குப் போனால், அதே விசாகத்தின் பேரில் வெசாக் என்று பௌர்ணமி கொண்டாடுகிறார்கள். அங்கே அது புத்தர் பிறந்த நாள், ஞானம் பெற்ற நாள், காலமான நாள், மூன்றும் ஒன்றாக! சில வருஷம் நாள் ஒரு மாதம் முன்பின் ஆகும், பேர் ஒன்றுதான். நம் ஆடிதான் அங்கே எசல. வடநாட்டில் அந்த ஆஷாடப் பௌர்ணமி வியாசர் பேரால் குருபூர்ணிமை. தைப்பூசத்துக்கு முருகனும் பாத்தியதை கொண்டாடுகிறார், தில்லை நடராஜரும் கொண்டாடுகிறார். நம் பக்கத்து வடலூரில் ஜாதி பேதமும் சடங்கும் வேண்டாமென்று சொன்ன இராமலிங்கரின் ஜோதி தரிசனமும் அன்றுதான். ஒரே நிலத்துக்கு நாலு பேர் நாலு பத்திரம் கொண்டுவந்து காட்டினால், கோர்ட்டில் நீதிபதி என்ன நினைப்பார்? நாலும் பின்னால் எழுதப்பட்டவை என்றுதானே நினைப்பார்?

ஆவணிப் பௌர்ணமியையோ கேட்க வேண்டாம். ஆவணி அவிட்டம் என்றாலே பூணூல் மாற்றும் நாள் என்று ஆகிவிட்டது. ஊர் முழுவதுக்கும் பொதுவாக மேலே நிற்கிற நிலாவை, பிறப்பினால் உயர்ந்தவன் என்று காட்டுகிற ஒரு நூலுக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டார்கள். அந்த நூல் போடாதவனுக்கு அன்று என்ன விசேஷம் என்று கேட்டால் பதில் இல்லை.

நல்லவாட்டுக்குக் கிட்டத்திலேயே பாகூர் இருக்கிறது. 9-ம் நூற்றாண்டில், பல்லவ அரசன் நிருபதுங்கவர்மன் காலத்தில், அவ்வூரில் இருந்த வித்தியாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்களின் வருமானத்தை எழுதிவைத்த செப்பேடு கிடைத்திருக்கிறது. மூன்று கிராமத்துக் குடியானவன் உழைத்துக் கொட்டினான். வேதம் கற்றவர்கள் உட்கார்ந்து படித்தார்கள். படித்ததைக் குற்றம் சொல்லவில்லை. கூப்பிடு தூரத்தில் கடலில் நட்சத்திரத்தைப் பார்த்துத் திசை கண்டுபிடித்தவன் பிள்ளைக்கு அங்கே ஒரு பலகை கிடைத்திருக்குமா என்பதுதான் நம் கேள்வி. வானத்தைப் பார்க்கத் தெரிந்தவன் கரையில் நின்றான். பார்த்ததை ஏட்டில் எழுதி வைத்துக்கொண்டவன், "இன்று நல்ல நாள், நாளை கெட்ட நாள்" என்று அவனுக்கே திருப்பி விற்றான்.

பேர் வைப்பதில் நாம் மாத்திரம் ஏமாந்தவர்கள் என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். வெள்ளைக்காரன் தேசத்துச் சங்கதியும் இருக்கிறது. அமெரிக்கப் பழங்குடிகள் தங்கள் முழுநிலாக்களுக்கு வேலையையும் பருவத்தையும் வைத்துப் பேரிட்டார்கள். காட்டு ஸ்ட்ராபெர்ரி பழுக்கும்போது வருவது ஸ்ட்ராபெர்ரி நிலா. ஐரோப்பாவில் அறுவடை நிலா என்று ஒன்று உண்டு. செப்டம்பர் மாதத்துப் பௌர்ணமியை ஒட்டிச் சில நாட்கள் சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்திலேயே நிலா எழும்பிவிடுவதால், வெளிச்சத்தில் இன்னும் சிறிது நேரம் கதிர் அறுக்கலாம். இதுவரை யோக்கியமான பேர்கள். இப்போது நம் தொலைக்காட்சியில் சோதிடர்கள் உட்கார்ந்து 'நீல நிலா', 'சூப்பர் நிலா' என்று பயமுறுத்துகிறார்களே, அவற்றின் பிறப்பைக் கேளுங்கள். ஒரே மாதத்தில் இரண்டு பௌர்ணமி வந்தால் இரண்டாவது நீல நிலா என்பது, 1946-ம் வருஷம் ஓர் அமெரிக்க வானியல் பத்திரிகையில் ஒருவர் பழைய பஞ்சாங்கத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு எழுதியது. அந்தப் பத்திரிகையே 1999-ல் தன் தப்பை ஒப்புக்கொண்டு எழுதிற்று. அதற்குள் அது உலகமெங்கும் 'ஆதிகாலத்து வழக்கம்' ஆகிவிட்டது! 'சூப்பர் நிலா' என்ற பேரோ 1979-ல் ஒரு சோதிடர் உண்டாக்கியது. அச்சும் ரேடியோவும் உள்ள காலத்திலேயே ஐம்பது வருஷத்தில் ஒரு தப்பு புராதனமாகிறது என்றால், ஏடு எழுதுகிறவன் ஒருவன், கேட்கிறவன் ஆயிரம் பேர் என்றிருந்த காலத்தில் என்னென்ன ஆகியிருக்கும்?

தப்பை ஒப்புக்கொண்ட பத்திரிகையை நாம் மதிக்கிறோம். ஒப்புக்கொண்ட புராணம் ஒன்றை யாராவது காட்டட்டும்.

இனி நல்லவாட்டுப் பெரியவர் கேட்ட மாசி மகத்துக்கு வருவோம். கடலோரத்தில் மாசியில் நீராடி விழாக் கொண்டாடுவது பழைய வழக்கம்தான். 7-ம் நூற்றாண்டுச் சம்பந்தர் மயிலாப்பூரைப் பாடிய பதிகத்திலேயே அது வருகிறது. புதுவை வைத்திக்குப்பம் கடற்கரைக்கு அன்று மயிலம் முருகன் முதல் எத்தனையோ ஊர்ச் சாமிகள் வந்து நிற்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். பிள்ளைகள் ராட்டினம் சுற்றுகின்றன, பொரி, பலூன், கரும்புச் சாறு, ஜனங்கள் கூடுகிறார்கள். கூடுவதில் நமக்கு ஒரு ஆட்சேபணையும் கிடையாது. வருஷமெல்லாம் உயிரைப் பணயம் வைத்து உழைக்கிறவர்களுக்கு ஒரு நாள் சந்தோஷம் வேண்டாமா?

ஆனால் காரைக்கால் பக்கத்துத் திருமலைராயன்பட்டினத்தில் நடப்பதைக் கேளுங்கள். திருக்கண்ணபுரத்துப் பெருமாள் மாசி மகத்துக்கு அங்கே கடற்கரைக்கு வருகிறார். மீனவர் தலைவன் மகளை அவர் கலியாணம் செய்துகொண்டாராம். ஆகவே மீனவர்கள் அவரை "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டு வரவேற்கிறார்கள். நல்ல உறவுதான். நாம் கேட்பது ஒன்று. பெண் கொடுத்த மாமனார் வீட்டில் ஒரு பிள்ளை, மாப்பிள்ளையின் வீட்டுக்குள், அதாவது கர்ப்பக்கிருகத்துக்குள், போய் விளக்கேற்றலாமா? எந்த ஜாதியில் பிறந்தவனும் அர்ச்சகர் ஆகலாம் என்று தமிழ்நாட்டில் 1970-ல் சட்டம் வந்தது. வழக்குப் போட்டார்கள், 1972-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வந்தும் ஆகமம் என்ற பூட்டு அப்படியே தொங்கிற்று. 2006-ல் மறுபடி உத்தரவு, மறுபடி வழக்கு. பயிற்சி முடித்த பிள்ளைகள் வருஷக்கணக்கில் வேலையில்லாமல் காத்துக் கிடந்தார்கள். 2021 ஆகஸ்டில்தான் பயிற்சி பெற்ற 24 பேருக்கு அரசு நியமன உத்தரவு கொடுத்தது. கடற்கரையில் ஒரு நாள் மாமனார். மறுநாள் வாசற்படிக்கு வெளியே. இந்தச் சம்பந்தம் யாருக்கு லாபம்?

இதே மகம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, வியாழன் சிம்ம ராசிக்கு வரும்போது, கும்பகோணத்தில் மகாமகம் ஆகிறது. வியாழன் சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய பன்னிரண்டு வருஷம் ஆகும் என்பது கணக்கு. அந்தக் கணக்கைக் குளத்துத் தண்ணீரில் கரைத்து, அன்று ஒரு முழுக்குப் போட்டால் எல்லாப் பாவமும் போய்விடும் என்றார்கள். 1992 பிப்ரவரி 18-ம் தேதி அந்தக் குளத்தங்கரையில் நெரிசலில் ஏறக்குறைய 50 பேர் செத்தார்கள். பாவம் போயிற்றோ இல்லையோ, உயிர் போயிற்று.

நல்லவாட்டுத் தோழர்கள் நமக்கு ஒரு விஷயம் சொன்னார்கள். மீனவ ஊர்களில் திருவிழாச் செலவுக்குத் தலைக்கட்டு வரி என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் இவ்வளவு என்று விழுகிறது. மீன்பாடு உள்ளவனுக்கும் ஒன்றுதான். வலை கிழிந்து கடனில் இருப்பவனுக்கும் ஒன்றுதான். கொடுக்காவிட்டால் ஊர்ப் பஞ்சாயத்தில் தலை குனிந்து நிற்க வேண்டும். வரி ஊர் ஒற்றுமைக்கு நல்லது என்று ஒரு வாலிபரே நம்மிடம் வாதாடினார். இருக்கட்டும். அந்த ஒற்றுமையால் வரும் பணத்தில் ஒரு பங்கு பிள்ளைகள் படிப்புக்கு என்று வைத்தால் எந்தச் சாமி கோபித்துக்கொள்ளும் என்று கேட்டோம். அவர் சிரித்தாரே தவிர, இல்லை என்று சொல்லவில்லை.

இனி, நல்லவாட்டு ஜனங்கள் மறக்க முடியாத ஒரு பௌர்ணமியைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

2004 டிசம்பர் 26-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மார்கழிப் பௌர்ணமி. அன்றிரவு முழுநிலா நின்றது திருவாதிரையில். நமக்கு ஆருத்ரா தரிசனத்துப் பௌர்ணமி. இலங்கையில் உந்துவப் போயா, சங்கமித்தை வெள்ளரசுக் கன்று கொண்டுவந்த புண்ணிய தினம். வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்த யாத்திரிகர் கூட்டம். ஆக, மூன்று மதத்துக்கும் நல்ல நாள். காலை ஆறரை மணிக்குச் சுமத்ராவை ஒட்டிய கடலடியில் பூமி நடுங்கிற்று. இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்து அலை நம் கரைக்கு வந்தது. நாகப்பட்டினம் ஜில்லாவில் மாத்திரம் சுமார் 6,000 பேர் செத்தார்கள். இலங்கையில் 30,000-க்கு மேல். வேளாங்கண்ணிக் கரையில் நின்ற யாத்திரிகர்களும் தப்பவில்லை. நாம் எந்த மதத்தாரையும் பார்த்துச் சிரித்து இதை எழுதவில்லை. பிணத்தைப் பார்த்தவன் சிரிக்கமாட்டான். பஞ்சாங்கத்தில் அன்றைக்கு என்ன போட்டிருந்தது என்று மாத்திரம் கேட்கிறோம். பௌர்ணமி போட்டிருந்தது. ராகுகாலம் போட்டிருந்தது. எமகண்டம்கூட நேரம் போட்டிருந்தது. எமன் வந்த நேரம் போட்டிருக்கவில்லை.

நல்லவாட்டில் என்ன நடந்தது? சிங்கப்பூரில் வேலைக்குப் போயிருந்த அவ்வூர் வாலிபர் ஒருவர் செய்தியைக் கேட்டு வீட்டுக்குப் போன் செய்தார். வீட்டார் ஊராரிடம் ஓடிச் சொன்னார்கள். கடல் நிலவரமும் மற்றச் செய்திகளும் சொல்வதற்காகச் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அவ்வூரில் வைத்திருந்த அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. பூட்டை உடைத்து உள்ளே போய், ஓடுங்கள் என்று ஒலிபெருக்கியில் கத்தினார்கள். ஜனங்கள் ஓடினார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின. மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் பிழைத்தார்கள்.

பூட்டை உடைத்தார்கள் என்பதை நாம் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. அன்று காலை "நல்ல நேரம் பார்த்துத் திறப்போம்" என்று யாரும் சொல்லவில்லை.

"விஞ்ஞானம் மாத்திரம் முன்கூட்டிச் சொன்னதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சொல்லவில்லை. பசிபிக் கடலுக்கு 1949 முதல் எச்சரிக்கை ஏற்பாடு இருந்தும், நம் கடலுக்கு ஒன்றும் இல்லை. அது மனிதன் செய்த குற்றம். ஆனால் குற்றம் என்று தெரிந்ததும் என்ன செய்தான்? 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் நம் கடலுக்கும் ஓர் எச்சரிக்கை நிலையம் வைத்தான். 2012 ஏப்ரலில் சுமத்ராப் பக்கம் மறுபடி பெரிய நடுக்கம் வந்தபோது, இந்தக் கரையெல்லாம் சீக்கிரத்தில் செய்தி போய்ச் சேர்ந்தது. பஞ்சாங்கம் 2004-க்குப் பிறகு எந்தப் பக்கத்தைத் திருத்திற்று?

அலைக்குப் பிறகு, "பௌர்ணமியில் கடல் தாய்க்கு ஆவேசம் வந்துவிட்டது, சாந்தி செய்ய வேண்டும்" என்று சொன்னவர்களையும் நாம் காதால் கேட்டோம். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கடல் கொஞ்சம் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும் என்பது எந்த மீனவனுக்கும் நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அது சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பது. வருஷத்துக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பௌர்ணமி வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஊர் அழிகிறதா? கடலைப் பற்றி மீனவனுக்கே வந்து பொய் சொல்கிற துணிச்சலைத்தான் நம்மால் பொறுக்க முடியவில்லை.

பெரியவரிடம் அன்றிரவு பிரியும்போது, "மகம் என்பது எந்த மீன் என்று காட்டட்டுமா?" என்று கேட்டோம். நிலா எழும்பியிருந்தது. முதல் நாள் மகத்தோடு நின்ற நிலா சற்றுக் கிழக்கே நகர்ந்திருந்தது. மகம் அதற்கு மேலே தனியாகத் தெரிந்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுவா மகம்? இத நான் அம்பது வருசமா பாக்கறேன். பேருதான் தெரியாது" என்றார்.

வருகிற சித்திரைப் பௌர்ணமிக்கு அதே கடற்கரையில் மறுபடி கூடுவதாகத் தோழர்கள் தீர்மானித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அழைத்து வரவேண்டும். நிலாவுக்குப் பக்கத்தில் அன்று நிற்பது சித்திரையா, சோதியா, விசாகமா என்று பிள்ளைகளே பார்த்துச் சொல்லட்டும். உண்டியல் கிடையாது. பக்கத்து ஊர்த் தோழர்களும் வரலாம். வருகிறவர்கள் உட்காரப் பாய் கொண்டுவரவும்.